ஓர் ஆண்டெனா, பல ரேடியோக்கள்: ஒயரை முறுக்கி இணைப்பது வழியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் தொழில்நுட்பக் கேள்வி பதில் பகுதியில், 'மொட்டை மாடியில் ஒரே ஓர் ஆண்டெனா வைக்கத்தான் குடியிருப்போர் சங்கம் அனுமதித்திருக்கிறது. அதை மூன்று ரேடியோக்களுக்குப் பயன்படுத்த முடியுமா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'கேபிள் முனையில் மூன்று ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள், சிக்னல் குறைந்தால் ஒரு பூஸ்டர் போடுங்கள்' என்று பதில் வந்திருந்தது. அடுக்குமாடிகள் பெருகிவிட்ட ஊர்களில் சிற்றலை கேட்பவர்கள், விமான அலைவரிசை கேட்பவர்கள், கப்பல்களும் விமானங்களும் அனுப்பும் இருப்பிடத் தகவலைக் கணினியில் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள கேள்வி இது. பதிலின் இரண்டு பாதிகளும் தவறு. அதன் கடைசியில் ஹாம் செட் (உரிமம் பெற்றவர்கள் ஒலிபரப்பவும் பயன்படுத்தும் அமெச்சூர் ரேடியோ) பற்றி இருந்த ஒரு வரி, செட்டையே எரித்துவிடக் கூடியது. அதனால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முறுக்கி இணைத்தால் சிக்னல் பங்கு போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பெரிய காரணம் அல்ல. (சிக்னலுக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு, அதாவது இம்பிடன்ஸ், ஓமில் அளக்கப்படும்; டெசிபல் என்பது சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு, 3 டெசிபல் இழப்பு என்றால் சக்தி பாதி.) 50 ஓம் ஆண்டெனாவில் 50 ஓம் ரேடியோ இரண்டை இணையாகப் போட்டால் கேபிளின் முன் நிற்பது 25 ஓம். பொருத்தம் கெட்டதால் திரும்பிப் போவது ஒன்பதில் ஒரு பங்கு சக்திதான், அரை டெசிபல். மீதியை இரண்டும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் மொத்த இழப்பு 3.5 டெசிபல். மூன்று ரேடியோ என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 டெசிபல். முறையான ஸ்ப்ளிட்டர் போட்டாலும் இழப்பில் பெரிய வித்தியாசம் வராது.

உண்மையான சிக்கல், ஒரு ரேடியோ இன்னொன்றைக் கெடுப்பதில் இருக்கிறது. 50 ஓம் என்று பெட்டியில் எழுதியிருப்பது, அந்த ரேடியோ டியூன் செய்யப்பட்ட அலைவரிசையில் மட்டும் ஓரளவு உண்மை. அதன் உள்ளே முதலில் நிற்பது ஃபில்டர். தனக்கு வேண்டாத அலைவரிசைகளில் அந்த ஃபில்டர் சில இடங்களில் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகவும், சில இடங்களில் ஓபன் ஆகவும் தெரியும். முதல் ரேடியோவை 41 மீட்டர் பட்டையில் வைத்துக் கேட்கும்போது, இரண்டாவதை 19 மீட்டருக்கு மாற்றினால் அதன் ஃபில்டர் மாறுகிறது. முதல் ரேடியோவில் நிலையம் திடீரென்று மங்குகிறது. நிலையம் தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஆண்டெனாவைச் சரிபார்க்க மாடிக்கு ஏறுவார்கள். காரணம் மேசையிலேயே இருக்கும்.

அடுத்தது, ரேடியோக்கள் வெளியே கசியவிடும் சிக்னல். 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். (பிடித்த சிக்னலைச் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) உள்ள செட்டில் 9,420 கிலோஹெர்ட்ஸ் கேட்டால், அந்த மாற்றத்துக்காக அலை உண்டாக்கும் அதன் லோக்கல் ஆஸிலேட்டர் 9,875-இல் ஓடுகிறது. இரண்டு செட்டும் நேரே ஒட்டியிருந்தால் மற்றொன்றில் 9,875-இல் ஒரு கேரியர் (நிகழ்ச்சி ஏதும் இல்லாத வெறும் அலை) நிற்கும். பக்கத்தில் உண்மையான நிலையம் இருந்தால் விசில் கேட்கும். 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். கொண்ட பழைய எஃப்.எம். செட்டில் 90.7 வைத்தால் கசிவு விழுவது 101.4-இல். சென்னையில் அது ரெயின்போ எஃப்.எம். இருக்கும் இடம். 107.3-க்கு மேல் டியூன் செய்தால் கசிவு 118-க்கு மேலே, விமான அலைவரிசைக்குள்ளேயே போய்விழும். எனவே சிக்னலைப் பங்கிடும் பொருள், அவுட்புட்டிலிருந்து அவுட்புட்டுக்கு எதுவும் தாண்டாமல் தடுக்கவும் வேண்டும். அந்தத் தடுப்பைத்தான் ஐசொலேஷன் என்கிறோம். முறுக்கிய ஒயரில் அது அநேகமாக இல்லை.

மூன்று ரெசிஸ்டர்களை நட்சத்திர வடிவில் இணைக்கும் ஸ்ப்ளிட்டரும் பழக்கத்தில் உண்டு. 50 ஓமுக்கு ஒவ்வொன்றும் 16.7 ஓம், மூன்று 51 ஓம் ரெசிஸ்டர்களை இணையாகப் போட்டால் 17 கிடைக்கும், போதும். எல்லா அலைவரிசையிலும் பொருத்தம் சரியாக இருக்கும். ஆனால் இழப்பு 6 டெசிபல், ஐசொலேஷனும் அதே 6 டெசிபல்தான். அளவைக் கருவிகளுக்கு ஏற்றது. இரண்டு ரேடியோவைப் பிரித்துவைக்க அது போதாது.

செய்ய வேண்டியது, கோரில் சுற்றிய கம்பியால் சிக்னலைப் பங்கிடும் ஹைபிரிட் ஸ்ப்ளிட்டர். இரண்டு ரேடியோவுக்கு இழப்பு 3 டெசிபலோடு அரை டெசிபல் கூடும். ஐசொலேஷன் 20 முதல் 30 டெசிபல் வரை கிடைக்கும். மின்சாரம் தேவையில்லை. இதைக் கையாலேயே செய்யலாம். பி.என்.-43-202 என்ற எண்ணுள்ள இரட்டைத் துளை ஃபெரைட் கோர் (கம்பி சுற்றுவதற்கான காந்தப் பொருள் கட்டை) இரண்டு, 28 கேஜ் எனாமல் கம்பி இரண்டு நிறத்தில் கொஞ்சம், 100 ஓம் கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று, மூன்று பி.என்.சி. சாக்கெட், ஓர் அலுமினியப் பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் டி.வி. பாலுன் (ஆண்டெனாவையும் கேபிளையும் பொருத்தும் டிரான்ஸ்ஃபார்மர்) கோரும் பார்வைக்கு இதேபோல்தான் இருக்கும்; ஆனால் அது என்ன ஃபெரைட் என்று கடைக்காரருக்கும் தெரியாது. மத்திய அலை கேட்பவர்கள் எண் தெரிந்த கோரையே வாங்குவது நல்லது.

முதல் கோரில் ஒரே கம்பியால் ஏழு சுற்று. ஒரு துளை வழியே போய் மற்றத் துளை வழியே திரும்பினால்தான் ஒரு சுற்று என்று எண்ண வேண்டும். இதில் தவறுபவர்கள் அதிகம். ஐந்தாவது சுற்று முடிந்ததும் கம்பியை ஒரு சிறு வளையமாக வெளியே இழுத்துவிட்டு, மீதி இரண்டு சுற்றை முடிக்கவும். தொடங்கிய முனை பெட்டியின் எர்த்துக்கு, முடிந்த முனை ஆண்டெனா சாக்கெட்டுக்கு. ஐந்தாம் சுற்று வளையத்தின் எனாமலைச் சுரண்டி ஈயம் வைத்துக்கொள்ளுங்கள்; அது இரண்டாவது கோருக்குப் போகும். ஏழுக்கு ஐந்து என்ற விகிதத்தின் வர்க்கம் ஏறக்குறைய 2. அதனால் அந்தப் பக்கம் இருக்கும் 25 ஓம், ஆண்டெனாவுக்கு 49 ஓமாகத் தெரிகிறது. இந்தக் கோருக்கு ஒரு சுற்றில் சுமார் 2.9 மைக்ரோஹென்றி, ஏழு சுற்றுக்கு 140 மைக்ரோஹென்றி வரும். மத்திய அலையின் அடிமட்டமான 530 கிலோஹெர்ட்ஸில்கூட அதன் ரியாக்டன்ஸ் (காயில் காட்டும் எதிர்ப்பு) 450 ஓமுக்கு மேல் நிற்பதால், 50 ஓம் லைனை அது சுமையாக அழுத்தாது.

இரண்டாவது கோரில் சிவப்பு, பச்சைக் கம்பிகளைச் சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று முறுக்கு வரும்படி சேர்த்து முறுக்கி, ஐந்து சுற்று விடவும். சிவப்பின் முடிவும் பச்சையின் தொடக்கமும் ஒன்றாகச் சேரும் இடம் நடுப்புள்ளி. முதல் கோரின் வளையம் அங்கேதான் வருகிறது. சிவப்பின் தொடக்கம் ஒரு ரேடியோவுக்கு, பச்சையின் முடிவு மற்றொரு ரேடியோவுக்கு. இந்த இரண்டு அவுட்புட்டுகளுக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர். முனைகளைத் தவறாகச் சேர்த்து, இரண்டு முடிவுகளையும் நடுப்புள்ளியாக்கிவிட்டால், கோர் ஒரு சோக் (சிக்னலைத் தடுக்கும் காயில்) போல வேலை செய்து இரண்டு ரேடியோவிலும் சிக்னலைக் கொன்றுவிடும். அப்படி நேர்ந்தால் பச்சையின் இரு முனைகளை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

அந்த 100 ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று தெரியாமல் அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அது இல்லாமலும் ரேடியோ பாடும். அதனால்தான் தவறு வெளியே தெரிவதில்லை. ஆண்டெனாவிலிருந்து வரும் சிக்னல் இரண்டு அவுட்புட்டிலும் ஒரே அளவில் இருப்பதால், ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசமே இல்லை, அதில் எதுவும் வீணாவதில்லை. ஆனால் ஒரு ரேடியோ கசியவிடும் சிக்னல் மற்ற ரேடியோவுக்கு இரண்டு வழியாகப் போகிறது: கோர் வழியே ஒன்று, ரெசிஸ்டர் வழியே ஒன்று. இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் ஐசொலேஷன் 6 டெசிபலுக்கு இறங்கிவிடும். ஒயர்வவுண்ட் வகை ரெசிஸ்டரும் கூடாது. அது தானே ஒரு காயில். கம்பிகளின் நீளம் பெட்டிக்குள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் 30 மெகாஹெர்ட்ஸ் வரை கவலை இல்லை.

மூன்று அல்லது நான்கு ரேடியோவுக்கு, ஒன்றின் இரண்டு அவுட்புட்டிலும் இன்னும் ஒவ்வொன்று வைத்தால் ஆயிற்று. இழப்பு 7 டெசிபலுக்குள் நிற்கும். பயன்படுத்தாத அவுட்புட்டைத் திறந்து விடாமல், 51 ஓம் ரெசிஸ்டரை ஒரு பிளக்கில் ஈயம் வைத்து மூடிவிட வேண்டும்.

கையால் செய்ய நேரமில்லாதவர்களுக்கு கேபிள் டி.வி. ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. உள்ளே இருப்பது இதே ஹைபிரிட்தான். அது 75 ஓமுக்கு ஆனதே என்று தயங்க வேண்டாம். 50-க்கும் 75-க்கும் இடையிலான பொருத்தமின்மையால் இழப்பது 0.2 டெசிபலுக்கும் குறைவு. மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவதுதான் முக்கியம். 5 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பது சிற்றலைக்கும் எஃப்.எம்.முக்கும் விமான அலைவரிசைக்கும் சரி. உள்ளே கோர் மிகச் சிறியது என்பதால் மத்திய அலையில் அது சரியாக வேலை செய்யாது. 950 முதல் 2,150 வரை என்று போட்டிருப்பது டிஷ் ஆண்டெனாவுக்கானது, நமக்குப் பயனில்லை. டேப் ஆஃப் என்று ஒன்று அதே வடிவத்தில் விற்கும். அதில் ஒரு வழிக்கு நிறையவும் மற்றதற்குக் கொஞ்சமும் போகும். மூன்று வழி ஸ்ப்ளிட்டரிலும் பெரும்பாலும் ஓர் அவுட்புட்டில் 3.5, மற்ற இரண்டில் 7 டெசிபல் இழப்பு இருக்கும். பலவீனமான சிக்னல் பிடிக்க வேண்டிய செட்டை 3.5 உள்ளதில் மாட்டுங்கள்.

ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டியும் ஒரு ரேடியோ மற்றதைக் கெடுக்கிறது என்றால், ஆண்டெனாப் பக்கம் பாருங்கள். ஹைபிரிட்டின் ஐசொலேஷன், ஆண்டெனா 50 ஓமாக இருக்கும்வரைதான். ஒரு ரேடியோவின் கசிவில் பாதி ஆண்டெனாவை நோக்கிப் போகிறது. அங்கே பொருத்தம் இல்லையென்றால் திரும்பி வந்து இரண்டு அவுட்புட்டிலும் பிரிகிறது. நீளமான ஒயர் ஆண்டெனாவின் இம்பிடன்ஸ் சிற்றலைப் பட்டை முழுவதும் சில பத்து ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை அலைபாயும். இம்பிடன்ஸை ஒன்பதில் ஒன்றாக மாற்றும் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் முழுதாகச் சரியாகாது. மோசமான இடங்களில் ஐசொலேஷன் 6 டெசிபலுக்கு அருகே போய்விடும், அதாவது முறுக்கிய ஒயரை விடக் கொஞ்சம்தான் மேல். தீர்வு எளிது: ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், சிக்னலை அளவாகக் குறைக்கும் ரெசிஸ்டர் இணைப்பான ஒரு அட்டெனுவேட்டர். 3 டெசிபல் வைத்தால் எந்த ஆண்டெனாவிலும் ஐசொலேஷன் 12-க்குக் குறையாது. 6 டெசிபல் வைத்தால் 18-க்குக் குறையாது. π (பை) எழுத்தின் வடிவத்தில் 3 டெசிபலுக்கு நடுவில் 18 ஓம், இரு பக்கமும் எர்த்துக்கு 300 ஓம். 6 டெசிபலுக்கு நடுவில் 39, இரு பக்கமும் 150.

வேண்டுமென்றே சிக்னலைக் குறைப்பதா என்று கேட்பார்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, தாராளமாகக் குறைக்கலாம். சிற்றலையில் நாம் எவ்வளவு மெல்லிய நிலையத்தைக் கேட்க முடியும் என்பதை முடிவு செய்வது ரேடியோ அல்ல, ஆண்டெனா பிடித்துவரும் வெளி இரைச்சல். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரைப்படி, குடியிருப்புப் பகுதியில் 10 மெகாஹெர்ட்ஸில் மனிதர் உண்டாக்கும் இரைச்சல், வெப்ப இரைச்சல் தரைமட்டத்துக்கு மேலே சுமார் 45 டெசிபல். ரேடியோவின் சொந்த இரைச்சல் 15 டெசிபல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வழியாகப் பிரித்து 10 டெசிபல் இழந்தாலும் கூட்டினால் 25. இன்னும் 20 டெசிபல் மிச்சம் இருக்கிறது. நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே குறைவதால் காதுக்கு எந்த வித்தியாசமும் வராது. மீட்டர் முள் மட்டும் கொஞ்சம் இறங்கும். சிக்னல் மீட்டரின் ஒரு எஸ் புள்ளிக்கு 6 டெசிபல் என்ற கணக்கில், இரண்டு வழி ஸ்ப்ளிட்டரில் அது அரைப் புள்ளிச் சொச்சம்.

இதை எவரும் தம் வீட்டில் சோதிக்கலாம். எல்லாவற்றையும் ஸ்ப்ளிட்டரில் மாட்டிய நிலையில், நிலையம் இல்லாத ஓர் இடத்துக்கு டியூன் செய்து இரைச்சலைக் கவனியுங்கள். பகலில் 21 அல்லது 28 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சோதித்தால் கடுமையான தேர்வாக இருக்கும். இப்போது மாடிக் கேபிளைக் கழற்றிவிட்டு அங்கே 50 ஓம் பிளக்கை மாட்டுங்கள். இரைச்சல் 10 டெசிபலுக்கு மேல் இறங்கினால், ஸ்ப்ளிட்டரின் இழப்பு உங்களுக்கு எந்த நட்டமும் செய்யவில்லை. இறங்கவே இல்லை என்றால் மட்டுமே பெருக்கி (பூஸ்டர்) பற்றி யோசிக்க வேண்டும்.

தங்கள் பதிலில் இருந்த பூஸ்டர் யோசனை இங்கேதான் தவறுகிறது. சிற்றலையிலும் மத்திய அலையிலும் பூஸ்டர், இல்லாத நிலையங்களை உருவாக்கும். தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் பலமாக வரும் பகுதியில் ஒரு மலிவான பூஸ்டர் போட்டால், ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த இடங்களான 909-லும் 1341-லும் இரண்டு நிகழ்ச்சிகளும் கலந்து கேட்கத் தொடங்கும். பெருக்கம் 10 டெசிபல் கூடினால் இந்தப் போலிச் சிக்னல் 30 டெசிபல் கூடும். அடையாளம் காண்பதும் அதனால் எளிது: ஆண்டெனாவில் 6 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டால் உண்மையான நிலையம் 6 டெசிபல் மட்டும் குறையும், போலி ஒரேயடியாக 18 டெசிபல் விழுந்து மறைந்துவிடும். பல ரேடியோவுக்குப் பங்கிட்ட இடத்தில் பூஸ்டர் இருந்தால் இந்தக் கோளாறு எல்லாச் செட்டிலும் ஒரே நேரத்தில் வருவதால், செட்டில் தவறில்லை, ஊரில்தான் ஏதோ புது நிலையம் என்று நம்பிவிடுகிறார்கள்.

100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே கணக்கு தலைகீழாகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் அந்த 45 டெசிபல் இரைச்சல் 13-க்கு இறங்கிவிடுகிறது. விமானங்கள் இருப்பிடம் அறிவிக்கும் 1,090 மெகாஹெர்ட்ஸில் வெளி இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஸ்ப்ளிட்டரில் இழக்கும் ஒவ்வொரு டெசிபலும் நேரே கேட்கும் தூரத்தில் குறையும். 3.5 டெசிபல் இழப்பு என்றால், 300 கிலோமீட்டரில் பிடித்த பலவீனமான சிக்னல் 200-க்கு வந்தால்தான் பிடிபடும். இங்கே பெருக்கி தேவை. ஆனால் அதன் இடம் மாடியில், ஆண்டெனாவுக்கு அடியிலேயே. ரேடியோவின் இரைச்சல் 6 டெசிபல், ஸ்ப்ளிட்டர் இழப்பு 3.5, ஆக 9.5 என்று இருக்கும் அமைப்பில், 20 டெசிபல் பெருக்கமும் 1 டெசிபல் இரைச்சலும் உள்ள ஒரு பெருக்கியை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் வைத்தால் மொத்தம் 1.3 டெசிபலாகிவிடும். அதே பெருக்கியை ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஒரு ரேடியோவின் அருகில் வைத்தால், ஸ்ப்ளிட்டரில் இழந்த 3.5 டெசிபல் திரும்ப வராது. நகரத்தில் எஃப்.எம். நிலையங்கள் பெருக்கியை அமுக்கிவிடும் என்பதால், 88 முதல் 108 வரை தடுக்கும் ஃபில்டரைப் பெருக்கிக்கு முன்னால் வைக்க வேண்டும். கேபிளும் ஸ்ப்ளிட்டரும் தின்றது போக 10 டெசிபல் மிஞ்சினால் போதும். அதற்கு மேல் பெருக்குவது செட்டின் முன்பகுதியைத் திணறடிப்பதுதான். கேபிளுக்கு ஆர்.ஜி.-58 வேண்டாம், டிஷ் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.-6, 75 ஓமாக இருந்தாலும் இந்த அலைவரிசையில் இழப்பு மிகக் குறைவு, விலையும் குறைவு.

மாடியில் பெருக்கியோ, பெருக்கி உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஆண்டெனாவோ இருந்தால், அதற்கான டி.சி. (நேர் மின்சாரம்) அதே கேபிளில் ஏறிப் போகும். இங்கேதான் பலரின் பணம் வீணாகிறது. மேலே சொன்ன கையால் சுற்றிய ஸ்ப்ளிட்டரில், ஆண்டெனா சாக்கெட்டிலிருந்து எர்த்துக்கு நேரே செம்புக் கம்பிதான் போகிறது. அதில் டி.சி. கொடுத்தால் முழு ஷார்ட். கணினியில் மாட்டும் சிறு ரேடியோவான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் சிலவற்றில் உள்ள 4.5 வோல்ட் பயாஸ் டீயை (ஆண்டெனாக் கேபிளில் டி.சி. ஏற்றும் சுற்று) மென்பொருளில் தெரியாமல் ஆன் செய்தாலும் அதே கதிதான். எனவே பயாஸ் டீ, ஸ்ப்ளிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் தனியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய ஸ்ப்ளிட்டரில் 'பவர் பாஸ்' என்று ஓர் அவுட்புட் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், டி.சி. கொடுக்கும் செட் அதில் மட்டும். மற்ற எல்லாச் செட்டிலும் பயாஸ் டீ அணைந்திருக்க வேண்டும். எல்லா அவுட்புட்டும் டி.சி. கடத்தும் வகை என்றால், மற்ற செட்டுகளுக்கு முன்னால், டி.சி.யைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் டி.சி. பிளாக் அவசியம்.

ஸ்ப்ளிட்டரே தேவையில்லாத இரண்டு நிலைமைகளும் உண்டு. ஒரு செட் 162 மெகாஹெர்ட்ஸில் கப்பல்களையும், இன்னொன்று 1,090-இல் விமானங்களையும் கேட்கிறது என்றால், டிப்ளெக்ஸர் போதும். தாழ்ந்த அலைவரிசையை ஒரு பக்கமும் உயர்ந்ததை மறுபக்கமும் அது பிரித்துவிடும். பாதியாகப் பிரிக்கும் 3 டெசிபல் இழப்பு அதில் கிடையாது. இரண்டாவது, கேட்க வேண்டியவை எல்லாம் அருகருகே இருந்தால் ஒரே டாங்கிளே 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் பிடிக்கும். கப்பல்களின் 161.975, 162.025 என்ற இரண்டு சேனலையும் ஒரே டாங்கிளில் மென்பொருளால் பிரித்துக்கொள்ளலாம்.

பல செட்டுகள் சேரும்போது வரும் இன்னொரு தொல்லை, புதிதாக முளைக்கும் இரைச்சல். ஒவ்வொரு செட்டும் தன் அடாப்டர், கணினி, யு.எஸ்.பி. கேபிள் ஆகியவற்றின் இரைச்சலைக் கோஆக்ஸின் (உலோக உறை கொண்ட ஆண்டெனாக் கேபிள்) வெளி உறை வழியே மற்ற எல்லாவற்றுக்கும் பரப்புகிறது. ஸ்ப்ளிட்டர் பெட்டி எல்லா உறைகளையும் ஒன்றாகச் சேர்க்கும் இடம் என்பதால் அது இதைத் தடுக்காது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் பக்கத்து ரேடியோவில் இரைச்சல் குறைந்தால் காரணம் இதுதான். எஃப்.டி.240-31 டோராய்டில் (வளைய வடிவ ஃபெரைட் கோர்) கோஆக்ஸையே 10 முதல் 12 சுற்று சுற்றி, ஸ்ப்ளிட்டருக்கும் அந்தக் கணினி செட்டுக்கும் இடையே ஒன்று, மாடிக் கேபிள் வீட்டுக்குள் வரும் இடத்தில் ஒன்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பி.என்.-73-202 கோரில் தனித்தனியாக ஐந்தைந்து சுற்று சுற்றிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை இடையில் போட்டு, இரு பக்க எர்த்தையும் ஒட்டாமல் விடவும்.

இடி பற்றிச் சுருக்கமாக. ஒரு கேபிள் எல்லாச் செட்டுக்கும் போவதால் ஒரு மின்னல் தாக்கினால் எல்லாம் போய்விடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் 90 வோல்ட் கேஸ் டியூப் அரெஸ்டரும் (மின்னழுத்தம் ஏறினால் அதை எர்த்துக்குத் திருப்பும் கருவி), கட்டடத்தின் எர்த்தோடு சேர்த்துக் கட்டிய எர்த் ராடும் வேண்டும். இவை அருகில் விழும் இடியால் கேபிளில் எழும் மின்னழுத்தத்துக்குத்தான் பாதுகாப்பு. நேரடித் தாக்குதலுக்கு அல்ல. சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கேட்காத நேரத்தில் மாடிக் கேபிளை ஸ்ப்ளிட்டரிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே வைப்பதுதான் சரியான வழி. ஒரே இணைப்பைக் கழற்றினால் எல்லாச் செட்டும் பிரிந்துவிடும் என்பது இந்த ஏற்பாட்டின் வசதி.

இனி அந்தக் கடைசி வரி. 'உரிமம் உள்ளவர்கள் ஹாம் செட்டையும் இதே இணைப்பில் மாட்டிக்கொள்ளலாம்' என்று தங்கள் பகுதியில் வந்திருக்கிறது. ஒலிபரப்பும் எந்தச் செட்டையும் ஸ்ப்ளிட்டரில் மாட்டவே கூடாது. அவுட்புட் ஒன்றின் வழியே சக்தியை உள்ளே அனுப்பினால், அதில் சரிபாதி அந்த 100 ஓம் ரெசிஸ்டரில் போய் எரிகிறது. 100 வாட் செட் என்றால், கால் வாட் ரெசிஸ்டரில் 50 வாட். ரெசிஸ்டர் கருகிய நொடியில் ஐசொலேஷன் போய்விடும்; சக்தியில் கால் பங்கு பக்கத்து ரேடியோவுக்குள் இறங்கும். வெறும் 5 வாட் கைச்செட் என்றாலும், 25 டெசிபல் ஐசொலேஷனைத் தாண்டி மற்ற செட்டுக்குப் போவது சுமார் 16 மில்லிவாட். ஒரு ஆர்.டி.எல். டாங்கிள் தாங்கக்கூடியது சுமார் 10 மில்லிவாட்தான். முறுக்கிய ஒயரில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹாம் செட் அதே ஆண்டெனாவைப் பயன்படுத்த வேண்டுமென்றால், பேச்சு பொத்தானோடு சேர்ந்து இயங்கும் ஒரு கோஆக்ஸியல் ரிலே (மின்சாரத்தால் மாறும் ஆண்டெனா சுவிட்ச்) வேண்டும். ஒலிபரப்பும்போது அது ஸ்ப்ளிட்டரை ஆண்டெனாவிலிருந்து முழுதாகப் பிரித்து, ஸ்ப்ளிட்டரின் உள்வாயிலை எர்த் செய்ய வேண்டும். ரிலே மாறி முடித்த பிறகுதான் சக்தி கிளம்ப வேண்டும். அதற்குச் சில பத்து மில்லிவினாடி தாமதம் வைக்க வேண்டும்.

மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும்போது வெளியிடலாம். ஹாம் செட் பற்றிய அந்த வரிக்கு மட்டும், யாராவது செய்து பார்ப்பதற்குள், அடுத்த இதழிலேயே திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிற்றலை நேயர்கள் சிலர்,
சென்னை